"மாத்தியாச்சு சார்!"

கார் வச்சிருக்கிற நம்ம ஆளுங்ககிட்ட எஞ்சின் ஆயில் எப்போ மாத்தினீங்கன்னு கேட்டா டாண்ணு பதில் வரும். டீசல் ஃபில்டர் எப்போ மாத்தினீங்கன்னு கேட்டுப் பாருங்க. "அதான் சர்வீஸ்ல மாத்தியிருப்பாங்களே" அப்படிம்பாங்க. இந்த 'மாத்தியிருப்பாங்களே' மேலதான் எனக்குச் சண்டை.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். டீசல் கார் வச்சிருக்கிறவங்க இந்த வேலையை ஒரு தடவையாவது வீட்டுல சொந்தமா செஞ்சு பார்க்கணும். பெட்ரோல் கார்க்காரங்க தொடவே வேண்டாம். ரெண்டுக்கும் காரணம் இருக்கு.

முதலில் டீசல். ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புண்ட்டோ எல்லாத்துலயும் வந்ததே அந்த 1.3 லிட்டர் எஞ்சின், அது மாதிரி காமன் ரெயில் வண்டிகளில் டீசல் 1000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் இஞ்செக்டருக்குப் போகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம்தான், ஒப்பிட்டுப் பாருங்க. இஞ்செக்டர் துளைகள் முடி கனத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. கண்ணுக்கே தெரியாத தூசி போதும், உள்ளே அரிச்செடுத்துடும். அந்த ஹை பிரஷர் பம்புக்கு மசகு எண்ணெயும் டீசல்தான். தண்ணி கலந்தா மசகும் போச்சு, துருவும் பிடிக்கும். தூசி, தண்ணி ரெண்டையும் வாசல்லயே நிறுத்தி வைக்கிற காவல்காரன் இந்த ஃபில்டர். அவனுக்குச் சம்பளம் சில நூறு ரூபாய். அவன் தூங்கிட்டா வர்ற பம்பு, இஞ்செக்டர் செலவு லட்சத்தைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை.

இவ்வளவு முக்கியமான சாமானை நாம எப்படி நம்புறோம்? பில்லைப் பார்த்து! சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு சர்வீஸ் சென்டர்ல (பேர் வேண்டாம், விட்டுடுவோம்) ஃபில்டருக்கும் கூலிக்கும் தனித்தனியா வரி போட்டுக் காசு வாங்கினாங்க. வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தா, வண்டியை விடறதுக்கு முன்னாடி மார்க்கர்ல நான் வச்ச புள்ளி அப்படியே இருந்து என்னைப் பார்த்துச் சிரிக்குது. கேட்டதுக்கு, "மாத்தியாச்சு சார், சிஸ்டத்துல இருக்கே"ன்னு பதில். சிஸ்டத்துல மாத்திட்டாங்க, வண்டியில மாத்தல!

அன்னிலேர்ந்து நானேதான். அப்படி என்ன பெரிய வித்தை?

எஞ்சின் நல்லா ஆறினப்புறம், ஃபில்டர் சுத்தி இருக்கிற மண்ணைத் துணியால துடைக்கணும். பாதி பேர் விடறது இதைத்தான். கழட்டும்போது உள்ளே விழுற மண்ணைத் தடுக்க புது ஃபில்டரால முடியாது. கீழே தட்டு வச்சு, அடியில இருக்கிற திருகைத் திறந்து பழசை வடிக்கணும். எந்தக் குழாய் எங்கே இருந்ததுன்னு செல்லுல ஒரு படம் எடுத்துக்கணும். புதுசுல அம்புக்குறி இருந்தா டீசல் போற திசைக்கு வைக்கணும். பழைய வாஷரைத் திரும்பப் போடக் கூடாது. அப்புறம் கைப்பம்பு கெட்டியாகிற வரைக்கும் அமுக்கி, உள்ளே மாட்டின காத்தை வெளியேத்தணும். கைப்பம்பு இல்லாத, டேங்க்ல மின்பம்பு உள்ள வண்டின்னா சாவியை ரெண்டு மூணு தடவை ஆன், ஆஃப் பண்ணினா அதுவே ஏத்திடும். கடைசியா ஸ்டார்ட் பண்ணி, ஒழுகுதான்னு பாருங்க. அவ்ளோதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பம்புக்கும் இஞ்செக்டருக்கும் நடுவுல இருக்கிற இரும்புக் குழாயைத் தொடாதீங்க. ஓடுற எஞ்சின்ல அங்கேர்ந்து பீச்சுற டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனா கையே போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

சரி, பெட்ரோல் ஏன் வேண்டாம்? கார்புரேட்டர் மாருதி 800 காலத்துல ஒரு குட்டி பிளாஸ்டிக் ஃபில்டர், ரெண்டு கிளிப், யார் வேணா மாத்தலாம். இஞ்செக்ஷன் வந்தப்புறம் எஞ்சினை அணைச்சாலும் குழாய்ல அழுத்தம் நிக்குது. இன்னிக்குப் பல கார்கள்ல ஃபில்டர் டேங்குக்குள்ளேயே பம்போட சேர்ந்து கிடக்கு. பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், கலையாம தரையோடு தவழும். அபார்ட்மெண்ட் அடித்தளப் பார்க்கிங்ல ஒரு ஸ்விட்ச் பொறி போதும். சில நூறு ரூபாய் மிச்சத்துக்கு அது தேவையா?

"எல்லாரும் வீட்டுலயே செஞ்சா மெக்கானிக் பொழப்பு என்னாகிறது?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒழுங்கா வேலை செய்யற தெருமுனை மெக்கானிக் அண்ணன் இதனால பட்டினி கிடக்க மாட்டார். வேலை தெரிஞ்ச வாடிக்கையாளர்தான் அவர் அருமையையும் தெரிஞ்சுக்குவார், கூலியில பேரம் பேச மாட்டார். நஷ்டம், செய்யாத வேலைக்கு பில் போடறவங்களுக்கு மட்டும்தான். அவங்களுக்காக நான் ஏன் கண்ணீர் விடணும்?

நீங்களே செய்யணும்னு கட்டாயம் இல்லை. ஆனா வண்டியை விடும்போதே "பழைய ஃபில்டரை எடுத்து வைங்க, பார்க்கணும்"னு சொல்லிப் பாருங்க. இந்த ஒரு வரிக்கு ஸ்பேனர் தேவையில்லை. பெட்ரோல் கார்க்காரங்களுக்கும் இதேதான்.

டிஸ்கி: வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் படிச்சுட்டு இறங்குங்க. வடிச்ச டீசலைச் சாக்கடையில ஊத்திடாதீங்க, புண்ணியமாப் போகும் :-)