வார்ப்பாலைக்குத் திறக்க வேண்டிய சிற்பக்கூடம்

மெரினா கடற்கரையில் 1959ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை, பாறையொன்றைப் பெயர்க்க முனையும் நான்கு ஆடவரின் உருவங்களால் ஆனது என்பதையும், அதனை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்பதையும் சென்னைவாசிகளில் பலர் அறிவர். ஆயினும் அத்தகைய சிலை எவ்வகை இடத்தில், யார் யாருடைய கைகளைக் கடந்து உருப்பெறுகிறது என்பதை அறியும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது. சிற்பியின் இல்லத்தையும் சிற்பக்கூடத்தையும், அதாவது மண் பிசைந்து மாதிரி செய்து அச்செடுக்கும் பட்டறையையும், கருவிகளோடு பேணி அருங்காட்சியகமாக்கி, நேரில் வர இயலாதோருக்கு இணையத்தின் வழியே காட்டும் வழக்கம் இன்று பல நாடுகளில் வேரூன்றிவிட்டது. சென்னையில் அவ்வாறு ஒன்று அமையுமானால், அதன் முதல் பார்வையாளர்களாக இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இரும்போடும் சரக்கோடும் வாழ்நாளைக் கழிக்கும் தொழிலாளர்களையே மனத்தில் கொள்ள வேண்டும்.

இது வெறும் நன்றியுணர்வால் எழும் கோரிக்கையன்று. 1923ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முறையாக மே நாளைக் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில்தான் என்பதால் அச்சிலைக்கும் தொழிலாளர் இயக்கத்துக்கும் உள்ள உறவு வெளிப்படையானது. ஆனால் அதைவிட நெருக்கமான உறவு தொழில்நுட்பத்தில் இருக்கிறது. வெண்கலச் சிலை என்பது முதலில் இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் களிமண்ணை அப்பிச் செய்யப்படும் மாதிரியே. அது உலர்ந்து வெடிக்காதிருக்க ஈரத்துணி சுற்றிவைக்கப்படும். பின்னர் அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சிலிருந்து பிளாஸ்டர் உருவத்தை வார்த்து, அதனைக் கொண்டே உலோக வார்ப்புக்குரிய அச்சு ஆயத்தம் செய்யப்படும். சுவாமிமலை ஸ்தபதியர் பெரும்பாலும் உட்புறம் நிறைந்த கன வார்ப்பில் செய்யும் தெய்வத் திருமேனிகளைப் போலப் பெருஞ்சிலைகளை வார்க்க இயலாது; எடை தாங்காது, குளிரும்போது உலோகம் சுருங்கி விரிசலும் காணும். எனவே உட்புறத்தை வெற்றிடமாக விடவேண்டியிருக்கிறது. உலோகம் பாயும் வழியை ரன்னர் என்றும், சுருங்கும் உலோகத்துக்கு ஈடு கொடுக்கும் மேல்வாயை ரைசர் என்றும், உள்வெற்றிடத்தை உண்டாக்கும் கருவைக் கோர் என்றும் எண்ணூர் வார்ப்பாலைகளின் மோல்டர்கள் நாள்தோறும் சொல்கிறார்கள். அசோக் லேலண்டு தன் முதல் ஆலையை எண்ணூரில் நிறுவிய காலந்தொட்டு, என்ஃபீல்டு 1955இல் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது முதல், இப்பகுதியின் குடும்பங்களில் புழங்கிவரும் இந்த அறிவு, கலை வரலாற்று நூல்களைப் படித்தவர்க்குக்கூட எளிதில் வாய்ப்பதில்லை.

வார்ப்புத் தொழிலுக்கும் சிற்பத்துக்கும் இடையிலான இவ்வுறவுக்கு மராத்தியச் சிற்பி விநாயக் பாண்டுரங் கர்மர்கரின் வாழ்க்கை சிறந்த சான்று. 1891இல் அலிபாக் அருகே சாசவணே என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்த அவர், புணே நகருக்காக 13 அடிக்கும் மேல் உயரமான சிவாஜியின் குதிரைச் சிலையை வடித்தபோது, 1928இல் அதனை ஒரே வார்ப்பாக வார்த்த இடம் கலைப்பள்ளி எதுவுமன்று, பம்பாயின் மசகான் கப்பல்துறையே. 1967இல் அவர் மறைந்த பின்னரும் சாசவணேயில் அவருடைய வீடு அருங்காட்சியகமாக நிலைத்திருக்கிறது. மீனவப் பெண்ணின் உருவத்தையும், சிமெண்டினால் செய்யப்பட்ட எருமையையும் அவர் வாழ்ந்த சூழலிலேயே அங்கு காணலாம். வெண்கலத்துக்கு வசதியில்லாத இடத்தில் சிமெண்டைத் துணிந்து கையாண்ட அவருடைய முறை, காசிமேட்டில் படகு பழுதுபார்ப்போரும் திருவொற்றியூர்க் கொத்தனார்களும் கண்டவுடன் புரிந்துகொள்ளத்தக்கது. அவர்கள் மும்பைக்குச் சென்று, அங்கிருந்து அலிபாக் கரைக்குக் கடந்து அவ்வீட்டை அடைவது எளிதன்று என்பதாலேயே இணையக் காட்சி தேவைப்படுகிறது.

எவ்வாறு காட்டுவது என்பதில்தான் பெரும்பாலான முயற்சிகள் தவறுகின்றன. ஒளிப்பட அளவியல் என்பது ஒரு பொருளைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு நூற்றுக்கணக்கான ஒளிப்படங்களை எடுத்து, அவற்றில் பொதுவாகத் தென்படும் புள்ளிகளைக் கணினி ஒப்பிட்டு முப்பரிமாண உருவத்தை உருவாக்கும் முறை. மெருகேறிய வெண்கலத்தின் பளபளப்பு படமெடுப்பவர் நகரும்போதெல்லாம் தானும் நகர்வதால் கணினி தடுமாறும். ஆகவே மேகமூட்டமான நாளின் சீரான ஒளியில் எடுப்பது நல்லது. ஆனால் சிலையை மட்டும் இவ்வாறு சுழற்றிக் காட்டினால் போதாது. அமெரிக்காவின் ஸ்டாக்பிரிட்ஜ் ஊரில் டேனியல் செஸ்டர் பிரெஞ்ச் அமைத்த சிற்பக்கூடத்தில், மாதிரியை உயர்ந்த கதவுகளின் வழியே வெளியே உருட்டிச் சென்று பகல் வெளிச்சத்தில் பார்ப்பதற்காகத் தரையில் தண்டவாளம் பதிக்கப்பட்டிருக்கிறது. திறந்தவெளியில் நிற்கப்போகும் சிலையின் நிழல்கள் கூரைக்கடியில் தெரிவதிலிருந்து வேறுபடும் என்பதை அவ்விரு கம்பிகள் உணர்த்துவதுபோல் எந்த விளக்கக் குறிப்பும் உணர்த்துவதில்லை. சரக்குத் தண்டவாளங்களுக்கு நடுவே வளர்ந்த இராயபுரத்துச் சிறுவனுக்கு அதன் பயன் சொல்லாமலே விளங்கும்.

சென்னையில் அத்தகைய சிற்பக்கூட அருங்காட்சியகத்துக்குரிய இடம் எழும்பூரை அடுத்த அரசு கவின்கலைக் கல்லூரியே. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அப்பள்ளிக்கு 1929இல் பொறுப்பேற்ற ராய் சௌத்ரி, அதன் முதல் இந்திய முதல்வராக ஏறத்தாழ முப்பதாண்டுகள் பணியாற்றி, கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் போன்ற மாணவர்களை உருவாக்கினார். 1942இல் பாட்னா தலைமைச் செயலகத்தில் கொடியேற்ற முனைந்து சுட்டுக்கொல்லப்பட்ட ஏழு மாணவர்களுக்கு அவர் வடித்த நினைவுச்சின்னம் இத்தாலியில் வார்க்கப்பட்டது. கர்மர்கரின் சிலையோ இந்தியக் கப்பல்துறையில் வார்க்கப்பட்டது. ஒரு சிலை எங்கே, எந்த உலையில் வார்க்கப்பட்டது, மண் மாதிரிக்காக உடலை வளைத்து மணிக்கணக்கில் நின்றவர் யார், அச்செடுத்தவர் யார் என்னும் செய்திகளைச் சிற்பியின் பெயருக்குக் கீழே முதல் வரியிலேயே தருவது அருங்காட்சியகத்தின் இணையத்தளத்துக்குக் கடமையாக வேண்டும். உழைப்பைப் பாடுபொருளாகக் கொண்ட சிலையின் பின்னணியில் உழைத்தவர்கள் பெயரற்றுப் போவது பொறுத்துக்கொள்ளத்தக்கதன்று.

அத்தளம் தமிழில் அமையவேண்டும். விலை குறைந்த கைப்பேசியிலும் திறக்கும்படி முப்பரிமாணக் கோப்புகளைச் சிறுத்த வடிவிலும் தரவேண்டும். விளக்கவுரையைப் பேராசிரியர்களிடம் மட்டும் கேட்டு வாங்காமல், ஓய்வுபெற்ற எண்ணூர் மோல்டர் ஒருவரைச் சிலையின் அருகே நிறுத்தி, தோளும் கையும் இணையும் இடத்தில் வார்ப்பு எங்கே பொருத்தப்பட்டிருக்கக்கூடும், உலோகம் எவ்வழியே பாய்ந்திருக்கும் என்று அவர் தடவிப் பார்த்துச் சொல்வதை அவருடைய பேச்சிலேயே பதிவு செய்து, கலை ஆய்வாளரின் குறிப்புக்கு நிகரான இடத்தில் வைத்துவிடலாம்.