சுரம் தணிந்த பின்னும்

நோய் நீங்கிற்றென்று வைத்தியர் கூறிய பின்னும் நினைவு தெளியாத மாணாக்கரைச் சோம்பரென்று இகழ்தல் முறையன்று. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனாத் தொற்று நீங்கிச் சுரமும் இருமலும் ஒழிந்தும், பலருக்கு மதி மங்கி நின்றது. படித்த பக்கத்தையே மீண்டும் படிப்பர். நன்கறிந்த சொல் நாவில் வாராது. தொடங்கிய வாக்கியத்தின் முடிவை மறப்பர்.

இஃது வெறும் மனப்பிரமை என்பார் கூற்று ஆராய்ச்சியின்முன் நில்லாது. இங்கிலாந்தில் 785 பேரின் மூளையை இருமுறை படமெடுத்து ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டனர். இடையில் இத்தொற்றுக்கு ஆளானோர் 401 பேர். அவருள் மிகப் பலர் இலேசாக நோயுற்றவரே. எனினும், மணவுணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புடைய பகுதிகள், மற்றையோரினும் அவர்க்குச் சராசரியாகச் சிறிது மிகுதியாய் மெலிந்திருந்தன.

நூற்பாவும் உரையும் நெஞ்சில் நின்றாலன்றித் தமிழ் பயிலும் எமக்குத் தேர்ச்சியில்லை. ஒடிந்த கைக்குக் கட்டுண்டு, காண்பார் இரங்குவர். மங்கிய நினைவிற்குக் கட்டு யாது? பலருக்கு இக்குறை மெல்ல மெல்லத் தேறும். பரீட்சையோ அதுவரை காத்திராது. கையொடிந்தார்க்கு எழுதித்தர ஆள் விடும் கல்லூரிகள், இவர்க்கும் சிறிது மிகுதி நேரமும் இடையே ஓய்வும் அளித்தல் வேண்டும். பொய்யர் சிலரும் இதனாற் பயன்பெறுவரே எனின், வைத்தியர் சீட்டொன்று கேட்டல் போதும்.