செயற்கை எலும்பு வைத்தால் எலும்பு வளர்ந்துவிடுமா?

“உள்ள செயற்கை எலும்பு வெச்சாச்சு, இனிமே கவலையில்ல.” எலும்பு சிகிச்சை வார்டுகளிலும் பல் மருத்துவமனைகளிலும் இப்போது சாதாரணமாகக் கேட்கிற பேச்சு இது. பாதிதான் சரி. உள்ளே வைத்தது எலும்பு அல்ல, எலும்பு வளர்வதற்கான சாரம். இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தராததால்தான் ஒருவர் சொன்ன நாளுக்கு முன்பே ஊன்றுகோலைத் தூக்கிப் போடுகிறார். இன்னொருவர் “எப்ப பல் கட்டுவீங்க?” என்று மருத்துவரை விரட்டுகிறார்.

முறிந்த எலும்பு தானாகவே கூடும். தழும்புகூட இல்லாமல், பழைய எலும்பாகவே கூடும். ஆனால் ஒரு துண்டே காணாமல் போனால்? விபத்தில் நொறுங்கியிருக்கலாம், கட்டியைச் சுரண்டி எடுத்திருக்கலாம், பல் பிடுங்கிய குழியாக இருக்கலாம். பெரிய இடைவெளியை உடம்பு தானாக நிரப்பாது. அங்கே சதை போன்ற நார்த்திசுதான் வந்து உட்காரும். அதனால்தான் நோயாளியின் இடுப்பு எலும்பிலிருந்தே கொஞ்சம் எடுத்து வைக்கும் முறை வந்தது. அதில் உயிருள்ள செல்கள் இருக்கும், ‘இங்கே எலும்பு கட்டு’ என்று சொல்லும் புரதங்கள் இருக்கும், செல்கள் பிடித்து ஏற ஒரு சட்டமும் இருக்கும். மூன்றும் சேர்ந்த பொருள் வேறு எதுவும் இல்லை. இன்றும் மற்றதையெல்லாம் அதனோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

குறையும் உண்டு. இரண்டாவதாக ஒரு காயம். “அடிபட்ட கால் பரவால்ல டாக்டர், எலும்பு எடுத்த இடுப்புதான் உயிர் போகுது” என்பவர்கள் நிறையப் பேர். எடுக்கக்கூடிய அளவும் கொஞ்சம்தான். இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த எலும்பைச் சுத்திகரித்து எலும்பு வங்கியில் வைத்துப் பயன்படுத்துவதும் உண்டு. இவற்றுக்கு மாற்றாகத்தான் செயற்கைப் பொருள்கள்.

புதுசு என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் ட்ரீஸ்மன் என்ற மருத்துவர் எலும்புக் குழிகளை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் நிரப்பியதை 1892-லேயே பதிவு செய்திருக்கிறார். அதே கால்சியம் சல்ஃபேட் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கால்சியம் பாஸ்பேட் வகைகள் பிறகு வந்தன. 1969-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் செய்த கண்ணாடி எலும்போடு ஒட்டிக்கொண்டது. அதன் மேற்பரப்பில் எலும்புத் தாதுவைப் போன்ற ஒரு படலம் உருவாவதுதான் காரணம்.

இந்தப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு வீடு கட்டும் இடத்தைப் பார்த்தால் போதும். கான்கிரீட் போடுவதற்கு முன் சென்ட்ரிங் அடிப்பார்கள். கான்கிரீட் இறுகும்முன் பிரித்தால் கூரை இறங்கும். பிரிக்காமலே விட்டால் பலகை உள்ளேயே கிடக்கும். எலும்பிலும் அதே கணக்குதான். கால்சியம் சல்ஃபேட் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் கரைந்துவிடும். சில இடங்களில் எலும்பு வந்து சேர்வதற்குள் சென்ட்ரிங் காணாமல் போய்விடும். ட்ரைகால்சியம் பாஸ்பேட் கரைய ஏறக்குறைய ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம். ஹைட்ராக்ஸிஅபடைட் பல வருடம் அப்படியே இருக்கும். அதனால்தான் பின்னிரண்டையும் கலந்து தயாரிக்கிறார்கள். எதை எங்கே வைப்பது என்பது அந்த இடத்தில் எலும்பு எவ்வளவு வேகமாக வளரும் என்பதைப் பொறுத்த முடிவு. விலை கூடியது நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

துகளில் இருக்கும் ஓட்டைகளும் முக்கியம். குறைந்தது 100 மைக்ரான் அளவாவது இருந்து, ஒன்றோடொன்று இணைந்திருந்தால்தான் ரத்தக்குழாய் உள்ளே நுழையும். ரத்தம் வராத இடத்தில் எலும்பு வராது. சிகரெட்டை நிறுத்தச் சொல்வதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கச் சொல்வதும் சும்மா உபதேசம் இல்லை. துகள் அசைந்துகொண்டே இருந்தாலும் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வரும். ‘கால் ஊன்றாதே’ என்பது அதற்காக.

எக்ஸ்ரேயில் ஒரு ஏமாற்று இருக்கிறது. இந்தத் துகள்களில் பல எலும்பைப் போலவே வெள்ளையாகத் தெரியும். அறுவை சிகிச்சைக்கு மறுநாளே படம் ‘நல்லா’ இருக்கும்! எலும்பு அதற்குள் ஒரு துளிகூட வளர்ந்திருக்காது. பழைய எலும்புக்கும் துகளுக்கும் நடுவே இருந்த கோடு மறைகிறதா, துகளின் விளிம்பு மங்குகிறதா என்பதைத்தான் மருத்துவர் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாலு பக்கமும் எலும்புச் சுவர் உள்ள குழிக்கு இது நல்ல தீர்வு. சுரண்டிய கட்டியின் இடம், முழங்காலுக்குக் கீழே அமுங்கிய முறிவு, பல் குழி ஆகியவற்றைச் சொல்லலாம். தொடை எலும்பில் பல சென்டிமீட்டர் நீளத்துக்கு எலும்பே இல்லை என்றால், இந்தத் துகள்களை மட்டும் நம்பி இறங்குவது தவறு. அங்கே சொந்த எலும்போ, எலும்பை மெல்ல இழுத்து வளர்க்கும் இலிசரோவ் முறையோ தேவைப்படும். எலும்பு வளரத் தூண்டும் புரதத்தைச் சேர்க்கும் வழியும் உண்டு. அமெரிக்காவில் 2002-ல் கீழ் முதுகெலும்புக்கு அதை அனுமதித்தார்கள். கழுத்தில் பயன்படுத்தியபோது உயிருக்கு ஆபத்தான வீக்கம் வருவதாக 2008-ல் அதே அமைப்பு எச்சரித்தது.

இனி பணம். இந்தியாவில் 2017-ல் இதய ஸ்டென்ட்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் விலை உச்சவரம்பு வந்தது. உச்சவரம்பு இல்லாத மருத்துவச் சாதனங்களுக்கு, ஒரு வருடத்தில் அதிகபட்ச விலையை 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. முதல் விலை நியாயமானதா என்று அது கேட்பதில்லை. மயக்கம் கொடுத்துப் படுத்திருப்பவரா பேரம் பேச முடியும்? என்ன பொருள், எத்தனை கிராம், சொந்த எலும்பு போதாதா என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் கொடுப்பது மருத்துவமனையின் கடமை.

பெயரும் தொகுதி எண்ணும்கூட வேண்டும். 2021-ல் அமெரிக்காவில், ஒரே கொடையாளரின் எலும்பிலிருந்து செய்த ஒரு தொகுதி மூலம் காசநோய்க் கிருமி பரவியது. அதை வைத்துக்கொண்டவர்கள் 100-க்கும் மேற்பட்டோர். தொகுதி எண் இருந்ததால்தான் அவர்களைத் தேடிப்பிடித்து சிகிச்சை கொடுக்க முடிந்தது. செயற்கைத் துகளில் கொடையாளரின் நோய் வரும் பயம் இல்லை, ஆனால் தயாரிப்புக் கோளாறு வராது என்று யார் சொன்னது? நம் ஊரிலும் மருத்துவச் சாதனங்களால் வரும் பாதிப்பைப் பதிவு செய்ய 2015 முதல் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘போன் கிராஃப்ட் செய்யப்பட்டது’ என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால், நோயாளி எதைப் புகார் செய்வார்? இம்பிளான்ட் பெட்டிகளோடு பொதுவாகவே உரித்து ஒட்டும் லேபிள் வருகிறது. அதில் ஒன்று மருத்துவமனைப் பதிவேட்டுக்குப் போகட்டும், இன்னொன்றை நோயாளியின் ஃபைலில் ஒட்டிக் கொடுங்கள்.