காது நன்றாகத்தான் இருக்கிறது என்பவர்களுக்கு

பால் பாக்கெட்டும் தீப்பெட்டியும் பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லியும் வாங்கி வா என்று தாய் சொல்லியனுப்ப, ரெயிலும் மெட்ரோவும் ஆட்டோக்களும் ஓயாது இரைகிற பெங்களூர் ஸ்ரீராம்புரத்துத் தெருவைக் கடந்து கொத்தமல்லியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவரும் எட்டு வயதுப் பையன் முதுகில் வாங்கிக்கொள்ளும் அடியை நான் ஒரு முறைக்கு மேல் கண்டிருக்கிறேன். “காது டெஸ்ட் எடுத்தாச்சு, நல்லாத்தான் இருக்கு, எல்லாம் கொழுப்பு” என்பது தாயின் வாதம், பாட்டியும் பள்ளி உபாத்தியாயரும் அதை ஆமோதிக்கிறார்கள்.

காது டெஸ்ட் எதைச் சோதிக்கிறது? ஓசை புகாத அறையில் பிள்ளையின் காதில் ஹெட்போனை மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையில் ஒவ்வொரு ஒலியாக எழுப்பி, எவ்வளவு மெல்லியதுவரை கேட்கிறது என்று குறித்துக்கொள்வதே அதன் பிரதான காரியம். அந்த அறையில் மின்விசிறி கிடையாது, ஐம்பது பிள்ளைகளின் கூச்சல் கிடையாது. 1954-இலேயே இத்தாலியில் பொக்கா என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும், மூளையின் பக்கவாட்டில் கட்டி வந்த நோயாளிகளுக்குத் தனி ஒலிகள் சரியாகவே கேட்டும், சிதைத்து ஒலிபரப்பிய பேச்சு விளங்காமற் போனதை நிரூபித்தார்கள். ஆகவே, ஒலி செவியில் விழுவது ஒன்று, அது மூளையில் சொல்லாகப் பிரிவது வேறொன்று. நம் பையனுக்குக் கட்டி எதுவும் இல்லை. ஆயினும் இந்த இரண்டாம் காரியத்தில் தடுமாறும் பிள்ளைகள் உண்டு. பழைய மில் தொழிலாளிக்குத் தறியின் இரைச்சலால் வந்த செவிட்டுத்தன்மையை அந்த டெஸ்ட் காட்டிவிடும். ஒலி மூளையில் சொல்லாகப் பிரியாத இந்தக் குறையை அது காட்டாது.

“ஐஸ்கிரீம் என்று மெதுவாகச் சொன்னால் மட்டும் கேட்கிறதே!” என்பார்கள். அமைதியான வீட்டில், முகத்தைப் பார்த்துக்கொண்டு, பழகிய ஒரே சொல்லைக் கேட்பதற்கும், கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும் ஆசிரியர் அடுக்கிச் சொல்லும் மூன்று கட்டளைகளைக் கேட்பதற்கும் பேதமில்லையா? இடத்துக்கு இடம் மாறுவதே இந்தக் குறையின் லட்சணம். எதிர்த்தரப்பின் வலுவான ஆதாரத்தையும் மறைப்பது நியாயமன்று: 2010-இல் ஆராய்ச்சியாளர் டேவிட் மூரும் அவர் குழுவினரும் பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, இக்குறையில் பெரும்பங்கு கவனத்தைச் சார்ந்தது என்றனர்; நிபுணர்களிடையே அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அவர்கள் கவனம் என்றது மூளையின் சக்தியை. நம் தெருவில் சொல்லும் கொழுப்பை அல்ல.

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ், அதனால்தான் குழப்பம் என்பது அடுத்த ஆட்சேபம். அப்படியானால் அதே வீட்டில் அதே மூன்று பாஷைகளையும் அனாயாசமாகப் பேசும் அவன் தங்கைக்கு என்ன சொல்வது? பாஷை தெரியாமைதான் காரணமென்றால் இங்கிலீஷில் மட்டும் தடுமாறவேண்டும். இவனோ, சந்தடியில் ‘கடை’ என்றால் ‘கதை’யா என்று தாய்மொழியிலேயே கேட்கிறான். ஒன்று மட்டும் உண்மை: தெரியாத பாஷையில் இக்குறையைப் பரிசோதித்தால் முடிவு பிசகும், பிள்ளைக்கு நன்கு தெரிந்த பாஷையிலேயே சோதிக்கும்படி கேட்கவேண்டும்.

வளர வளரச் சரியாகிவிடும் என்பதில் பாதி நிஜம் உண்டு. கேட்டலுக்குரிய மூளைப்பாதைகள் பன்னிரண்டு வயதளவும் முதிர்கின்றன. அதனாலேயே ஏழு வயதுக்கு முன் இக்குறைக்கான பரிசோதனைகளை முழுதும் நம்புவதில்லை. ஆனால் இரண்டாம் வகுப்புப் பாடம் அதுவரை காத்திராது.

தாய்மார்களே, அவனை முன் பெஞ்சில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரு வேலை சொல்லுங்கள். 1965-இல் தொடங்கிய மைசூர் அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் இக்குறையைச் சந்தேகிக்க உதவும் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை வகுத்திருக்கிறது; ஆசிரியர் ஆம், இல்லை என்று குறித்தாலே போதும். சந்தேகம் தட்டினால் அங்கேயே அழைத்துச் செல்லலாம். இங்கிருந்து ரெயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம்.