காயலான் கடையில் விலை போகாத வண்டி

பழைய மோட்டார் வண்டிக்கு நம் பக்கத்தில் மூன்று கதி உண்டு. ஓடுகிற வரையில் ஓடும். பிறகு கொஞ்ச காலம் வேப்ப மரத்தடியில் நின்று கோழிகளுக்கு இருப்பிடமாகும். கடைசியில் காயலான் கடைக்குப் போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி உருக்காலை ஏதாவதொன்றின் உலையில் புகுந்து, கட்டடக் கம்பியாக மறு ஜன்மம் எடுக்கும். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் அந்த மூன்றாவது கதி வாய்க்காத வண்டியும் ஒரு ரகம் இருக்கிறது. பைபர் கிளாஸ் என்கிற கண்ணாடி நாரால் உடல் செய்த வண்டி அது. அதைத் துரு தின்னாது, கரையான் தொடாது. உலையில் போட்டாலும் இரும்பைப் போல் உருகி மறுபடி உபயோகத்துக்கு வராது. காயலான் கடைக்காரர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடியில் உள்ள இரும்புச் சட்டத்துக்கு மட்டும் ஒரு விலை சொல்வார். "மேலே இருக்கிறதை நீங்களே வைச்சுக்குங்க" என்று தாராளமாக விட்டுக் கொடுத்தும் விடுவார்.

ஊத்துக்கோட்டையில் நமக்கு அடுத்த தெருவில் இப்படிப்பட்ட வண்டி ஒன்று இருபது வருஷத்துக்கு மேலாகக் கொட்டகையில் கிடந்தது. டால்பின் என்று பெயர். அதன் சொந்தக்காரரான நம் நண்பர் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையும் மனமும் சும்மா இருக்கச் சம்மதிக்காத பேர்வழி. அவர் அதைப் பழையபடி ஓட்டிவிடுவது என்று தீர்மானித்தார். கல்லூரியில் படிக்கும் அவருடைய பிள்ளையோ, பழையபடி ஓட்டுவதில் என்ன ருசி, புது மாதிரியாக மாற்றி ஓட்ட வேண்டும் என்று தீர்மானித்தான். இந்த இரண்டு தீர்மானங்களுக்கும் நடுவே சில மாதங்களாக நாம் மத்தியஸ்தராக இருந்து வருகிறோம்.

டால்பின் வண்டியின் பூர்வோத்தரம் நேயர்களில் பலருக்கு மறந்திருக்கலாம். இங்கிலாந்தில் ரிலையன்ட் என்ற கம்பெனி, மூன்று சக்கர வண்டிகளைக் கண்ணாடி நாரில் செய்து பேர் பெற்றது. அதே கம்பெனி 1975-ல் கிட்டன் என்று நாலு சக்கர வண்டி ஒன்றை வெளியிட்டது. அலுமினியத்தில் வார்த்த 848 ஸி.ஸி. எஞ்சின், மொத்த எடை ஏறக்குறைய அரை டன்தான். அங்கே 1982-ல் அதை நிறுத்தினார்கள். அந்த அமைப்பை வைத்துக்கொண்டு பெங்களூரில் ஸிபானி கம்பெனியார் டால்பின் என்ற பெயரில் செய்து விற்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே பாதல் என்ற மூன்று சக்கர வண்டி செய்து பழகியவர்கள் அவர்கள். அம்பாஸடரும் பியட்டும் தவிர வேறு வண்டியைக் காண்பது அபூர்வமாயிருந்த காலத்தில், இந்தச் சின்ன வண்டி தெருவில் போனால் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துக் கொண்டிருக்கும்போதே 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. அப்புறம் டால்பினைத் திரும்பிப் பார்ப்பாரில்லை.

இனி வேலையைப் பற்றிச் சொல்வோம். முதலில் நண்பர், மேலே தெரிந்த விரிசல்களைப் பட்டி வைத்து அடைத்து வர்ணம் அடித்தால் போதும் என்று எண்ணினார். கண்ணாடி நாரில் அது நிற்காது. மேலே அடைத்த விரிசல் ஆறு மாதத்தில் அதே இடத்தில் சிரிக்கும். விரிசலைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சரிவாகத் தேய்த்து இறக்கி, உட்புறத்திலிருந்து நார்ப் பாய் வைத்து, பிசின் தோய்த்து, அடுக்கடுக்காகக் கட்டி வர வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தவர் மோட்டார் மெக்கானிக் அல்ல. பழவேற்காட்டில் படகு பழுது பார்க்கும் ஒருவர். கட்டுமரங்கள் போய்ப் பைபர் படகுகள் வந்த பிறகு, 2004 சுனாமிக்கு அப்புறம் விசேஷமாக, நம் கடற்கரை முழுவதும் இந்த வித்தை தெரிந்த கைகள் பெருகிவிட்டன. பாறையில் மோதிய படகின் மூக்கை ஒட்டத் தெரிந்தவருக்கு மோட்டாரின் மட்கார்டு ஒரு பெரிய காரியமா?

ஆயினும் அவருக்கு ஓய்வு கிடைக்க வேண்டுமே! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாள் விசைப் படகுகள் கடலுக்குப் போகத் தடை இருக்கிறது. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதற்கு அதுதான் காலம். ஆகவே அந்த இரண்டு மாதமும் டால்பின் காத்திருந்தது. பிறகு வந்தவரும் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் பிசினைத் தொட்டார். நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு காடலிஸ்ட் திரவம் சேர்த்தால் பிசின் இறுகும். வெயில் ஏற ஏற அந்த இறுக்கம் துரிதப்பட்டு, தூரிகையிலேயே கல்லாகிவிடும். ஊத்துக்கோட்டை வெயிலைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் இவ்வேலை செய்யத் துணிபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிசினை இறுக்கும் காடலிஸ்ட் ஒன்று. அதை விரைவுபடுத்தும் ஊதா நிறக் கோபால்ட் ஒன்று. இரண்டையும் பிசினில் தனித் தனியாகத்தான் கலக்க வேண்டும். ஒன்றோடொன்று நேரே கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். இரண்டு புட்டிகளையும் ஒரே அலமாரியில் வைப்பதும் தவறு. நார்த் தூள் மூக்கில் போகாமல் முகமூடியும், கையில் உறையும் அவசியம். முழுக்கைச் சட்டை போடாமல் தேய்த்த பிள்ளையாண்டான் இரண்டு நாள் சொறிந்துகொண்டு திரிந்தான்.

துருப் பிடிக்காத வண்டி என்ற பெருமையில் ஒரு வஞ்சகம் ஒளிந்திருக்கிறது. மேலே உடல் பளபளவென்று இருக்கும். அதைத் தாங்கும் சட்டம் இரும்பு. இத்தனை வருஷ மழைக்காலத்து ஈரம் அந்தச் சட்டத்தை என்ன செய்திருக்கும் என்பது வெளியே தெரியவே தெரியாது. இரும்பு வண்டியாயிருந்தால் கதவோரத்தில் சல்லடை விழுந்து நம்மை எச்சரிக்கும். இது எச்சரிக்காது. உடலைக் கழற்றித் தூக்கிப் பார்த்தபோது பின்பக்கத்துக் குறுக்குச் சட்டத்தை நண்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது. அன்று முழுவதும் அவர் யாரோடும் பேசவில்லை. அப்புறம் ஒன்றரை மாதம் வெட்டி, புதுத் தகடு பற்றவைத்து, துருக் காப்பு வர்ணம் பூசி அந்தச் சட்டத்தைத் தேற்றினார். பார்க்க வருகிறவர்களுக்கு இந்த வேலை கண்ணில் படப் போவதில்லை. உயிர் இருப்பது என்னவோ அதில்தான். இடுப்புப் பட்டையை மாட்டும் இடமும் இரும்பில்தான் பிடிக்க வேண்டும்; நார்ச் சுவரில் திருகி வைத்தால் ஒரு குலுக்கலில் பிய்த்துக் கொண்டு வந்துவிடும்.

மின்சார வேலையிலும் ஒரு விசித்திரம். சாதாரண மோட்டாரில் விளக்குக்கு ஒரு கம்பி போனால் போதும். திரும்பும் பாதைக்கு வண்டியின் இரும்பு உடலே உதவும். கண்ணாடி நார் மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் திரும்புகிற கம்பி தனியாக வேண்டும். அந்தக் கம்பியின் முனை பாசி பிடித்துவிட்டால், பிரேக்கை மிதித்தவுடன் சைகை விளக்கு மினுங்கும்; சைகை காட்டினால் ஹாரன் முனகும். இந்த ரக வண்டிகளுக்குப் பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட கதைகளில் பாதி இந்தத் திரும்பு கம்பியின் லீலையாகவே இருக்கும். தாமிரக் கம்பி ஒன்றைத் தலை முதல் வால் வரை ஓடவிட்டு, பையன் அந்தப் பேயை ஓட்டினான். அவன் செய்த மாற்றங்களில் இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

அவன் மனம் வைத்த மற்ற மாற்றங்கள் வேறு மாதிரி. கூரையை அறுத்துத் திறந்த வண்டியாக்க வேண்டும். அகலச் சக்கரங்கள் பூட்ட வேண்டும். ஆம்னி வண்டியின் எஞ்சினை இறக்க வேண்டும். ஆம்னியில் பின் சக்கரங்களே இழுப்பதால் அது இதற்குப் பொருந்தும் என்பது அவன் வாதம். யோசனையில் புத்தி இருக்கிறது. ஆனால் கிட்டன் வண்டிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்குகள்தாம். வேகத்தைக் கூட்டுகிறவன் நிறுத்துவதையும் கூட்ட வேண்டாமா?

"சோழவரத்திலே பண்ணலையாப்பா?" என்று பையன் தகப்பனாரைக் கேட்டான். சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுபாதையில், 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வருவதற்கு முன் பல வருஷ காலம் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. கொட்டகையில் கைகளால் கட்டிய வண்டிகள் அங்கே பெரிய இடத்து வண்டிகளோடு ஓடியது உண்மை. தகப்பனாரும் சிறு வயதில் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தவர்தாம். ஆனால் அது பந்தயப் பாதை. திருவள்ளூர் ரஸ்தா அல்ல.

சட்டமும் பையனுக்குச் சாதகமாக இல்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வண்டியைத் துண்டு துண்டாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் விற்பனை வரி கிடையாது. அதனால் அங்கே கிட் கார் என்னும் வீட்டு வண்டிகள் பெருகின. 1973-ல் வரி முறை மாறியதும் அந்தச் சலுகை போயிற்று, பழக்கம் போகவில்லை. நம் தேசத்தில் அந்தப் பழக்கத்துக்கு இடமே இருந்ததில்லை என்று சொல்லலாம். தயாரித்தவர் குறித்துக் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 50 வயது கடந்து அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021-ல் தனிப் பதிவு விதி வந்தது. 1982-ல் வந்த டால்பினுக்குக் கூட அந்த மரியாதை 2032-க்கு முன் கிடைக்காது. பழைய வண்டி என்று கும்பிடவும் வயதில்லை. புது வண்டி என்று ஓட்டவும் வழியில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டு நடு வயதில் தத்தளிக்கிறது.

நம் மத்தியஸ்தத்தை இப்படிச் சொன்னோம்: திருகைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் மாற்றம் எதையும் பிள்ளை செய்யட்டும், ரம்பத்தை எடுப்பதாயிருந்தால் தகப்பனாரைக் கேட்கட்டும். கூரை தப்பியது. ஆசனங்களும், காண்டாக்ட் பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் தீப்பொறி அமைப்பும் பிள்ளையின் இஷ்டப்படி நடந்தன. வர்ணம் பழைய சிவப்பா, பையன் கேட்கும் நீலமா என்பதில் அம்மாள் தலையிட்டுச் சிவப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

எஞ்சின் வழக்கு மட்டும் தீரவில்லை. "ஸார், சட்டம் கிடக்கட்டும், இந்த எஞ்சினுக்குப் பிஸ்டன் ரிங் எங்கே கிடைக்கும், அதைச் சொல்லுங்க" என்று பையன் நம்மைக் கேட்கிறான். நியாயமான கேள்வி. நண்பர் பெங்களூருக்கு இரண்டு முறை போய், அரை ஜதை கொண்டு வந்திருக்கிறார். 848 ஸி.ஸி. எஞ்சின் தற்சமயம் அவர் வீட்டுத் திண்ணையில் கோணியின் மேல் உட்கார்ந்திருக்கிறது.