கயிறும் துடுப்பும்

தண்ணீரில் யாராவது செத்துப்போனால் நம்மிடம் இரண்டே பதில்கள்தான். அதிகாரி கயிறு கட்டுகிறார், படித்தவர் வைகிறார். ‘அருவியில் குளிக்கத் தடை’ என்ற அறிவிப்போடு அரசாங்கத்தின் வேலை முடிகிறது. ‘குடிச்சிட்டு ஆட்டம் போடப் போனவன்தானே’ என்ற ஒரு வரியோடு மற்றவர்களின் துக்கமும் முடிகிறது. இரண்டையும் எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இரண்டாவதன் மேல் எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். ஜனங்கள் பதறி ஓடும் காணொளி எல்லார் கைபேசிக்கும் வந்தது, கூடவே வியாக்கியானங்களும். ‘மழை நேரத்துல எதுக்குய்யா அங்க போறானுக?’ என்று சென்னையிலிருந்து ஒரு நண்பர் எனக்கே அனுப்பிக் கேட்டார். செத்தவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. குடிக்கவில்லை, ஆட்டமும் போடவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி வந்தது.

எதற்குப் போகிறார்கள்? கரிவலம்வந்தநல்லூர்க்காரன் என்ற தகுதியில் நான் சொல்கிறேன். எங்கள் ஊர் ஆற்றின் பெயர் நிட்சேப நதி. பால்வண்ணநாதர் கோயில் இதன் கரையில்தான் இருக்கிறது. அதிவீரராம பாண்டியர் அந்தாதி பாடிய திருக்கருவை எங்கள் ஊர்தான். ஊருக்குப் பாட்டு இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, ஆற்றில் தண்ணீர்தான் இல்லை. நிட்சேபம் என்றால் புதைத்து வைத்த பொருள். இந்த நதி போய்ச் சேருவது வைப்பாற்றில். வைப்பு என்றாலும் அதே அர்த்தம்தான். பெயர் வைத்தவர்கள் விவரமானவர்கள். வருஷத்தில் பெரும்பகுதி மணலையும் சீமைக்கருவேலையும் பார்த்துக்கொண்டு மேற்கே திரும்பினால், மலைமேல் மேகம் இறங்கி நிற்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். அங்கே பெய்கிறது, இங்கே காய்கிறது. ஆனியிலும் ஆடியிலும் தறிக்காரர், கொத்தனார், தீப்பெட்டி ஒட்டுகிற அக்கா எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வேன் பிடிக்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் குற்றாலம். அது வேண்டாமென்றால் வாசுதேவநல்லூர் தலையணை. காலையில் குளியல், மதியம் பார்டர் புரோட்டா, மறுபடி குளியல், இருட்டினதும் வீடு. எங்கள் பக்கத்து ஜனங்களின் ஒரே உல்லாசம் இந்த ஒருநாள் தண்ணீர்தான். அதைப் போய் ‘திமிர்’ என்று சொல்கிறவருக்கு வீட்டில் ஷவர் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. எங்கள் தலைமுறை கிணற்றில் நீச்சல் படித்தது. முதுகில் சுரைக்குடுக்கையோ கல்யாண முருங்கைக் கட்டையோ கட்டி மாமன்மார் தூக்கிப் போடுவார்கள். மூன்றாம் நாள் கட்டை இல்லாமல் மிதப்போம். பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. பிறகு போர் வந்தது. போர் போட்ட பிறகு கிணறு வற்றியது, வற்றிய கிணற்றில் குப்பை விழுந்தது. அதோடு நீச்சல் படிக்கிற பள்ளிக்கூடமும் மூடிப்போயிற்று. இன்று வேனில் போகிற இருபது பேரில் நீந்தத் தெரிந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். இந்தியாவில் ஆண்டுக்கு 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கிச் சாவதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கே சொல்கிறது. தண்ணீரோடு பழக்கம் விட்டுப்போன ஜனம், வருஷத்துக்கு ஒருநாள், அதுவும் தண்ணீர் உக்கிரமாக இருக்கிற நாளில் அதற்குள் இறங்குகிறது. திமிரை விட இது மோசமான விஷயம். இதற்கு வைது பிரயோஜனமில்லை.

ரிஷிகேசத்தில் ஒருமுறை ரப்பர் படகில் கங்கையில் இறங்கினேன். சிவபுரியிலிருந்து கீழே சுமார் 16 கிலோமீட்டர். படகு ஏறும் முன் கால்மணி நேரம் கரையில் நிறுத்திப் பாடம் எடுத்தார்கள். தலைக்கவசம், மிதவைச் சட்டை, வாரை இழுத்துப் பார்த்து ஒவ்வொருவருக்கும் சோதனை. கார்வாலிப் பையன் ஒருவன்தான் வழிகாட்டி, என் தம்பி வயதுகூட இருக்காது. படகின் பின்முனையில் உட்கார்ந்துகொண்டு அவன் சொன்னதில் ஒன்று இன்றும் ஞாபகம் இருக்கிறது. விழுந்துவிட்டால் எழுந்து நிற்கப் பார்க்காதே, மல்லாந்து படு, கால் இரண்டும் தண்ணீர் போகிற திசைக்கு முன்னால் இருக்கட்டும். நிற்க முயன்றால் கால் பாறை இடுக்கில் மாட்டும், பின்னாலிருந்து வருகிற தண்ணீர் ஆளை மடக்கிப் போட்டுவிடும். இடுப்பளவுத் தண்ணீரில் நீச்சல்காரனே சாவது இப்படித்தான். குற்றாலத்துக்கு நாற்பது வருஷமாகப் போகிறேன். இந்த ஒரு வாக்கியத்தை அங்கே எவரும் எனக்குச் சொன்னதில்லை, எந்தப் பலகையிலும் நான் படித்ததுமில்லை. ‘ஆழம் அதிகம்’, ‘சோப்பு போடாதே’ என்றுதான் படித்திருக்கிறேன்.

ரிஷிகேசம் சொர்க்கமில்லை. அங்கேயும் சாவு உண்டு, கரையெல்லாம் கூடாரம் போட்டு அசிங்கப்படுத்தியதும் உண்டு. 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் படகு விடுவதையே நிறுத்தச் சொன்னது. ஆனால் எப்படி? ஒழுங்கான விதிமுறைகளை வகுக்கும்வரை நிறுத்து என்றது. எங்கள் பக்கத்துத் தடைக்கு அப்படி ஒரு ‘வரை’ கிடையாது. தண்ணீர் வடிகிறவரைதான் தடை. வடிந்ததும் கயிறை அவிழ்ப்பார்கள், எல்லாம் பழையபடி.

இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரியது. ஜூலை, ஆகஸ்டில் கங்கை பெருகும்போது அங்கே படகுகளைக் கரையேற்றி விடுகிறார்கள். செப்டம்பரில்தான் மறுபடி ஆரம்பம். நமக்கு அந்த வசதி இல்லை. தென்மேற்குப் பருவமழைதானே குற்றாலத்துச் சீசன்! அபாயமும் ஆனந்தமும் ஒரே மாதத்தில் வருகின்றன. கீழே சாரல் அடிக்கும், வெயிலும் தலைகாட்டும். மேலே காட்டுக்குள் கொட்டுகிற மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. சரிவு செங்குத்து, ஓடைகள் குட்டை. தெரிகிற நேரத்தில் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிடும். ஆகவே மழைக்காலத்தில் மூடிவிடலாம் என்று இங்கே சொல்ல முடியாது. மூடினால் சீசனே இல்லை. மேலே மழை பார்க்கிற ஆள், கீழே விசில் ஊதுகிற ஆள், நடுவில் ஒரு வயர்லெஸ் என்றுதான் யோசித்தாக வேண்டும்.

ஒகேனக்கல்லைப் பாருங்கள். மூங்கில் பரிசலில் ஒரே துடுப்பை வைத்துக்கொண்டு பாறைகளுக்கு நடுவே சுழற்றிச் செல்லும் அந்தப் பரிசல் ஓட்டிகள், எந்த ரப்பர் படகு வழிகாட்டிக்கும் குறைந்தவர்கள் அல்லர். அங்கேயும் விபத்து நடந்திருக்கிறது. ஆனால் அங்கே தடை விதிக்க ஒரு எண் இருக்கிறது. மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் காவிரியை அளக்கிறது. வினாடிக்கு இத்தனை கனஅடி என்று செய்தி வந்ததும் பரிசல்கள் கரைக்கு வருகின்றன. அந்த அளவீடு சுற்றுலாப் பயணி மேல் உள்ள கரிசனத்தில் வந்ததல்ல, இரண்டு மாநிலச் சண்டையில் வந்தது. சிற்றாற்றுக்காகச் சண்டை போட எந்த மாநிலமும் இல்லை, பாவம்.

இதற்கிடையே ‘வெளிநாட்டு மாதிரி ராஃப்டிங் கொண்டாங்க, ஊரு முன்னேறும்’ என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர்கள் காட்டுகிற காணொளிகளில் பாதி சீனாவுடையவை. குவாங்சோ நகரத்துக்கு வடக்கே சிங்யுவான் மலைகளில் இரண்டு பேர் உட்காரும் ரப்பர் படகு பள்ளத்தாக்கில் துள்ளித் துள்ளி இறங்கும். நகரத்து ஜனங்கள் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறார்கள், நம் வேன்காரர்களைப் போலத்தான். ஆனால் அங்கே மேலே நீர்த்தேக்கம் இருக்கிறது. குறித்த நேரத்துக்கு மதகைத் திறக்கிறார்கள், அந்தத் தண்ணீரில்தான் படகு ஓடுகிறது. சரி, இங்கே யார் மதகைத் திறப்பது? கருப்பாநதி அணைத் தண்ணீரையோ அடவிநயினார் தண்ணீரையோ உல்லாசப் படகுக்குத் திறந்துவிட்டால் எங்கள் சம்சாரிகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்களா? படகை இறக்குமதி செய்ய ஆசைப்படுகிறவர்கள், படகின் பின்முனையில் உட்கார்கிற ஆளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கு அந்த ஆள்தான் வேண்டும். படகு பிறகு வரட்டும், வராவிட்டாலும் போகட்டும்.

நம்மால் முடியாத காரியமா என்ன? 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அப்போதும் முதலில் தடைதான். பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு மலையேற்றத் திட்டத்தை அரசே தொடங்கியது. முன்பதிவு, கூட வருவதற்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள், அதில் பழங்குடி இளைஞர்களும் உண்டு. வரவேற்கிறேன். ஆனால் காசு கட்டி மலையேறுகிறவனுக்குத் துணைக்கு ஆள் கிடைத்தது, வேன் பிடித்து வருகிறவனுக்குக் கயிறுதான் கிடைத்தது. பழைய குற்றாலச் சாவுக்குப் பிறகு எழுந்த பெரிய சர்ச்சை எதைப் பற்றியது? அருவி வனத்துறைக்குப் போகலாமா கூடாதா என்பதைப் பற்றி. பையன் ஏன் செத்தான் என்பது இரண்டாம் பட்சமாகிவிட்டது.

அடிவாரத்தில் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. மேலே எந்த ஓடை எந்த மழைக்கு எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்று அவர்களிடம் கேட்டால் தெரியும். குளிக்கிற இடத்திலேயே வருஷம் பூராவும் கடை போட்டிருக்கிறவர்களுக்குத் தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்தாலே தெரியும். செம்மண் கலந்து, சருகும் சுள்ளியும் வர ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும் என்று ஒரு கடைக்கார அண்ணாச்சி எனக்குச் சொல்லித் தந்தார். ‘தண்ணி கலங்குச்சுன்னா துண்டக்கூட எடுக்காதீக, ஏறிருங்க’ என்றார். அவர் சொல்லித் தெரிந்துகொண்டவர்கள் சிலபேர்தான். இதைச் சொல்வதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் போட்டால் என்ன? சீசனில் வாகனக் கட்டணமும் கடை ஏலமும் வசூலிக்கத் தெரிகிறது. அந்தக் காசில் அருவிக்கு நான்கு பேர், விசில், வயர்லெஸ், வீசுகயிறு. அதோடு சங்கரன்கோவில் பக்கம் தூர் வாரி மீட்கக்கூடிய கிணறு ஒன்றிரண்டு இன்னும் மிச்சம் இருக்கும். கோடை விடுமுறையில் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் நீச்சல் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரைப் போடுங்கள். சுரைக்குடுக்கையை நாங்களே கொண்டுவருகிறோம்.