மாட்டுவண்டியால் வென்றோம், ஓட்டுப்பெட்டியால் தோற்றோம்!



நம்ம தலைவரை நாடாளுமன்றத் தேர்தலில் நிறுத்தணும் என்று படப்பையிலும் மணிமங்கலத்திலும் பேச்சு அடிபடுகிறது. "டெல்லிக்குப் போனாத்தான் காரியம் நடக்கும்" என்கிறார்கள். நடக்குமா?

வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு அய்யாவை நினைத்துப் பாருங்கள். 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் 3 விவசாயிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பயந்து வீட்டுக்குப் போனோமா? 1972-ல் கோவை நகரத் தெருக்களையே மாட்டுவண்டிகளால் அடைத்தோம். அய்யாவிடம் அன்று பதவி இல்லை, கொடி கட்டிய கார் இல்லை. ஆனாலும் எந்தக் கட்சி ஆண்டாலும் அவரிடம் பேச வேண்டியிருந்தது. ஏன்? இரண்டு கழகத்துக்காரனும், காங்கிரஸ்காரனும் அவர் பின்னால் வண்டி பூட்டி வந்தான்!

1982-ல் கட்சி தொடங்கினார். அதே வண்டிக்காரன் ஓட்டுச்சாவடிக்குள் போனதும் அவனவன் பழைய சின்னத்தைத் தேடினான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? பம்புசெட் கரண்டுக்கு ஒரு கணக்கு, ஓட்டுக்கு வேறு கணக்கு. 1984 டிசம்பரில் தேர்தல் பிரசாரத்துக்குப் போன கோவில்பட்டியிலேயே அய்யாவின் உயிர் பிரிந்தது. பிறகு சங்கம் துண்டு துண்டானது. இன்றைக்கு எத்தனை சங்கம் என்று கேட்டால், செயலாளர் எனக்கே எண்ணிச் சொல்ல முடியாது!

சிறு விவசாயிக்கு 1984-லும், எல்லா விவசாயிக்கும் 1990-லும் இலவச மின்சாரம் வந்ததே? உத்தரவில் கையெழுத்து ஆட்சியில் இருந்தவர்களுடையதுதான், மறுக்கவில்லை. அந்தக் கையெழுத்தைப் போட வைத்தது தெருவில் நின்ற வண்டி.

பழைய கதை என்பீர்கள். டெல்லி எல்லையில் ஒரு வருஷம் உட்கார்ந்து, 2021-ல் மூன்று வேளாண் சட்டங்களையும் வாபஸ் வாங்க வைத்தவர்கள் பஞ்சாப் விவசாயிகள். அவர்களில் சில சங்கங்கள் 2022 சட்டமன்றத் தேர்தலில் நின்றன. ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை.

நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் நாடாளுமன்றத் தொகுதி என்பது தாம்பரம், பல்லாவரம், ஆலந்தூர், மதுரவாயல், அம்பத்தூரும் சேர்ந்தது. இதில் ஏர் பிடிக்கிறவன் ஓட்டு எத்தனை? ஏரிக்கரையில் பிளாட் வாங்கியவன் ஓட்டு எத்தனை? ஜெயிக்கணும்னா நம்ம தலைவர் யாருக்குப் பரிந்து பேசணும்? ஏரிக்கா, பிளாட்டுக்கா? யோசியுங்கள்!

பொதுக்குழுவில் நான் வைக்கப்போகும் தீர்மானம் இது: சங்கப் பொறுப்பாளர் யாராக இருந்தாலும், தேர்தலில் நிற்க ஆசைப்பட்டால், மனு தாக்கல் செய்யும் முன்பே பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். கொடியும் ரசீது புத்தகமும் சங்க ஆபீசிலேயே இருக்கட்டும். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.